கயிறு கேட்பவர்களுக்கு

பாலியல் வன்முறையை ஒழிக்கத் தூக்குக் கயிறுதான் வழி என்று நம்புகிறவர்கள் இந்த நாட்டில் சிறுபான்மையினர் அல்லர். குடும்ப வாட்ஸ்அப் குழு முதல் சட்டமன்றம் வரை அது பொதுப்புத்தியாக உறைந்திருக்கிறது. 2012 டிசம்பரில் ஒரு கூட்டு வல்லுறவுக்குப் பின் டெல்லித் தெருக்களை நிறைத்த அந்த முழக்கம், 2019இல் ஹைதராபாத் அருகே ஒரு பெண்ணை வன்புணர்ந்து கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரைச் சுட்டுக்கொன்ற போலீசார் மீது பூத்தூவியது. 2024 செப்டம்பரில் மேற்கு வங்கத்தில் மசோதாவானது. 2025 ஜனவரியில் சென்னைக் கோட்டையிலும் மரண தண்டனை வரை போகும் சட்டத் திருத்தமாக நிறைவேறியது. கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லா அரசுகளும் ஏற்கிற ஒரே பெண்கள் நலக் கொள்கை இதுவாகத்தான் இருக்கும். செலவும் இல்லை பாருங்கள்.

அந்தத் தரப்பின் வாதத்தை முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன். மனிதன் பயத்துக்குத்தான் கட்டுப்படுவான். தண்டனை கொடூரமாக இருந்தால் அடுத்தவன் யோசிப்பான். பெண்ணியவாதிகள் பேசும் மனப்போக்கு மாற்றம் நல்லதுதான், ஆனால் அது இரண்டு தலைமுறை வேலை. நாளை கடைசிப் பேருந்தில் வீடு திரும்புகிற பெண்ணுக்கு அது எதற்கு உதவும்? மேலும், சமூகம், பண்பாடு, ஆணாதிக்கம் என்று பேசிக்கொண்டே போனால் குற்றவாளி என்கிற தனிமனிதன் அந்தக் கூட்டத்தில் நழுவிவிடுகிறான். கடைசியாக, பறிகொடுத்த பெற்றோருக்கு நீதி என்று எதையாவது கொடுத்தாக வேண்டும்.

இவை எதுவும் முட்டாள்தனமான வாதங்கள் அல்ல. வழக்குகள் பத்து வருடம் இழுப்பதையும், செல்வாக்கு உள்ளவன் சிரித்துக்கொண்டே வெளியே வருவதையும் பார்த்துப் பார்த்து நம்பிக்கை இற்றுப்போன மக்களின் குரல் அது. அந்த நம்பிக்கையிழப்பு நியாயமானது. அதிலிருந்து அவர்கள் வந்து சேர்கிற முடிவு தவறு. ஏன் தவறு என்பதை வரிசையாகவே சொல்கிறேன்.

1. குற்றம் செய்கிறவன் தண்டனைச் சட்டத்தைப் படித்துவிட்டு வருவதில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறான்.

இவள் வெளியே சொல்வாளா? சொன்னால் வீட்டில் நம்புவார்களா? நம்பினாலும் மானம் போய்விடும் என்று வாயை அடைப்பார்களா? ஸ்டேஷனுக்குப் போனால் அங்கே நமக்குத் தெரிந்தவர் யார்? அவன் போடுகிற கணக்கு இதுதான். அந்தக் கணக்கில் அவன் பெரும்பாலும் ஜெயிக்கிறான். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம். போலீசிடம் போனவர்கள் மட்டும் அல்ல இது. அம்மாவிடம், அக்காவிடம், பக்கத்து வீட்டுக்காரியிடம் போனவர்களையும் சேர்த்துத்தான். அந்தச் சல்லடையைத் தாண்டிப் புகாராகி, குற்றப்பத்திரிகையாகி, தீர்ப்பு வரை வருகிற பாலியல் வல்லுறவு வழக்குகளில் தண்டனை கிடைப்பது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் சுமார் 27, 28 சதவீதம்.

சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் தடிமனாக்கிக்கொண்டே போகிறோம். முன்னால் உள்ள கண்ணிகள் எல்லாம் அறுந்து கிடக்கின்றன. பயம் என்பது தண்டனையின் கொடூரத்தால் அல்ல, அது தப்பாமல் வரும் என்கிற நிச்சயத்தால்தான் உண்டாகிறது என்று குற்றவியலின் முன்னோடி பெக்காரியா 1764இலேயே எழுதிவிட்டார். குற்றவியலில் இதற்கு எதிராக உருப்படியான சான்றை அதற்குப் பிறகு யாரும் வைத்ததில்லை.

பொள்ளாச்சிப் பாலியல் வன்முறை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கும்பல் பெண்களை மிரட்டி வைத்திருந்தது கத்தியால் அல்ல, வீடியோவால். அதாவது, "இது வெளியே வந்தால் உன் வாழ்க்கை போச்சு" என்ற ஒற்றை வாக்கியத்தால். அந்த வாக்கியத்துக்குப் பலம் கொடுத்தது யார்? குற்றவாளிகளா? படம் வெளியே வந்தால் அவள் வாழ்க்கை போய்விடும் என்ற ஊர் வழக்கத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. கையில் இருந்ததை எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு பெண் புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் கணக்கு முதன்முறையாகத் தப்பியது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தபோது, சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை என்பதுதான் பெரிய செய்தி. கயிறு அங்கே எதையும் சாதிக்கவில்லை. வெட்கப்பட வேண்டியது தாங்கள் அல்ல என்று அந்தப் பெண்கள் முடிவெடுத்தது சாதித்தது.

2. தெரிந்தவன் கழுத்தில் கயிறு விழும் என்றால், முதலில் இறுகுவது சிறுமியின் வாய்.

பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் ஏறத்தாழ 95 சதவீதத்தில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிந்தவர் என்று ஆண்டுதோறும் அதே ஆவணக் காப்பகம் சொல்கிறது. மாமா, சித்தப்பா, டியூஷன் வாத்தியார், மாடிவீட்டு அண்ணன். 2018இலும் 2019இலும் குழந்தைகள் மீதான குற்றங்களுக்கு மரண தண்டனை கொண்டுவந்தார்கள். ஒரு பத்து வயதுப் பெண் தன் சித்தப்பாவைப் பற்றி அம்மாவிடம் சொல்கிறாள் என்று வையுங்கள். சிறை என்றாலே "குடும்ப மானம்" என்று மூடி மறைக்கிற பாட்டி, தூக்கு என்றால் என்ன செய்வார்? "உன் சித்தப்பாவைக் கொல்லப் போறியா?" என்று அந்தக் குழந்தையையே கேட்பார். டெல்லிக் குற்றத்துக்குப் பின் அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு 2013 ஜனவரியில் மரண தண்டனை வேண்டாம் என்று சொன்னது கருணையால் அல்ல. நாடெங்கும் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், 29 நாட்களில், 80,000 கருத்துகளைப் பெற்று எழுதிய அறிக்கை அது. அந்தக் குழுவிடம் தூக்கு வேண்டாம் என்று வாதாடியவை இருபது முப்பது வருடமாகப் பாதிக்கப்பட்ட பெண்களோடு நீதிமன்றப் படியேறிய பெண்கள் அமைப்புகள். அரசு அறிக்கையை வாங்கிக்கொண்டது. பதினொரு நாள் கழித்து மரண தண்டனையோடு அவசரச் சட்டம் பிறப்பித்தது.

3. "மனப்போக்கு" என்றால் காற்றில் மிதக்கும் ஏதோ ஒன்று என்று நினைக்கிறீர்கள். அது முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எதிர்த்தரப்பின் மொத்தக் கட்டடமும் நிற்பது இந்த ஒரு தப்பெண்ணத்தின் மேல்தான்: சட்டம் என்பது கெட்டியான பொருள், மனப்போக்கு என்பது புகை. உண்மை நேர்மாறு. சட்டப் புத்தகம் அலமாரியில் கிடக்கிறது. ஏட்டு எழுதுகிற வாக்கியத்திலும், டாக்டர் நிரப்புகிற படிவத்திலும், நீதிபதி எதை இயல்பு என்று கருதுகிறார் என்பதிலும் மனப்போக்குதான் வேலை செய்கிறது.

மகாராஷ்டிரத்தில் 1972இல் ஓர் ஆதிவாசிச் சிறுமி காவல் நிலையத்துக்குள்ளேயே இரண்டு போலீசாரால் சிதைக்கப்பட்டார். சட்டம் அன்றும் இருந்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அவர் உடலில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை, ஆகவே எதிர்க்கவில்லை, ஆகவே சம்மதம். கீழ்நீதிமன்றம் அவருக்கு ஏற்கெனவே உடலுறவுப் பழக்கம் உண்டு என்று வேறு எழுதி வைத்திருந்தது. கயிறு இருந்திருந்தால் இந்தத் தீர்ப்பு மாறியிருக்குமா? தூக்கு என்றால் நீதிபதிகள் இன்னும் அதிகமாகச் சந்தேகத்தின் பலனைக் குற்றவாளிக்குக் கொடுப்பார்கள்.

1979இல் உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு என்பதுதான் அதன் சாரம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் காவலில் நடக்கும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பெண் "நான் சம்மதிக்கவில்லை" என்று சொன்னால் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டு தொடங்க வேண்டும் என்று சட்டம் திருந்தியது. 2002ஆம் ஆண்டின் திருத்தம், குறுக்கு விசாரணையில் பெண்ணின் "நடத்தை"யை இழுக்கிற பிரிவை நீக்கியது. 2013இல், உடலால் எதிர்க்கவில்லை என்பதற்காக மட்டும் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்ற வரி சட்டத்துக்குள்ளேயே ஏறியது. 1978 தீர்ப்புக்குப் பதில் 35 வருடம் கழித்து வந்தது. இதில் எந்த இடத்தில் தண்டனை கூடியதால் பெண்ணுக்கு நன்மை நடந்தது? கூடியது நம்பிக்கை. அவள் சொல்லுக்குக் கிடைத்த எடை.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர். 1992இல் அதற்காகவே கூட்டாகத் தாக்கப்பட்டார். 1995இல் ஜெய்ப்பூர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களைப் பாலியல் வல்லுறவுக் குற்றத்திலிருந்து விடுவித்தபோது, மேல்சாதி ஆண் கீழ்சாதி என்று சொல்லப்படும் பெண்ணைத் தொட்டிருப்பானா என்கிற ரீதியில் தர்க்கம் போயிற்று. அவருக்கு நீதி கிடைக்கவில்லை. ஆனால் அவருக்காக உச்ச நீதிமன்றம் போன பெண்கள் அமைப்புகள் 1997இல் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான விசாகா நெறிமுறைகளை வாங்கி வந்தன. இன்று உங்கள் அலுவலகத்தில் ஒரு உள்ளகப் புகார்க் குழு பெயருக்காவது இருக்கிறது என்றால், பட்டேரி கிராமத்துப் பெண் ஒருவர் வாயை மூட மறுத்ததுதான் காரணம்.

தமிழ்நாட்டில் இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். 2015இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், சிறுமியாக இருந்தபோது ஒரு பெண்ணை வல்லுறவு செய்து தண்டனை பெற்றவனுக்கு ஜாமீன் கொடுத்து, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசச் சொன்னார். கெடுத்தவனுக்கே கட்டி வைப்பதை நியாயத் தீர்ப்பாகக் காட்டிய நம் ஆலமரத்தடிப் படங்கள் நீதிமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அந்தப் பெண் வெளிப்படையாகவே மறுத்தார். இத்தகைய வழக்கில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொன்ன பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

பொள்ளாச்சியில் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பேட்டியில் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிய அரசாணையிலும் பெயர் அச்சாகியது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. ஐந்து வருடம் கழித்து, 2024 டிசம்பரில், பாலியல் தாக்குதலுக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கை அடையாளத்தோடு வெளியே கசிந்தது. அதன் வாசகங்கள் அந்தப் பெண்ணையே குறை சொல்வதாக இருப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. மறுபடியும் 25 லட்சம். பெயரை வெளியிடுவது குற்றம் என்ற சட்டம் 1983இலிருந்து இருக்கிறது. ஆட்சி மாறியிருந்தது. எழுதுகிற பேனா மாறவில்லை.

இரு விரல் சோதனை இன்னொன்று. அறிவியலோடு அதற்கு எந்த உறவும் இல்லை. இவள் "பழக்கப்பட்டவளா" என்று பார்க்கிற சோதனை அது. அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் நடந்துகொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழக அரசை அதைத் தடைசெய்யச் சொல்ல வேண்டிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில், செய்கிற மருத்துவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்பது வருடம் ஒரு தீர்ப்பை மீறியது யார்? மனநோயாளிகளா? வெள்ளைக் கோட்டு போட்ட, படித்த, நல்ல குடும்பத்து மனிதர்கள்.

பெண்ணியவாதிகள் பண்பாடு என்று பேசும்போது சுட்டுவது இந்த எழுத்தை, இந்தப் படிவத்தை, இந்தக் கேள்வியைத்தான். இவற்றை மாற்றுவதற்குத் தலைமுறை ஆகாது. சுற்றறிக்கை, பயிற்சி, மீறினால் நடவடிக்கை போதும். புகாரை வாங்க மறுக்கும் போலீசாருக்குக் குறைந்தது ஆறு மாதம் சிறை என்று 2013 திருத்தமே சொல்கிறது. எத்தனை பேர் போனார்கள் என்று சட்டமன்றத்தில் ஒருவர் கேட்கட்டுமே.

4. கயிறும் கதவுப் பூட்டும் ஒரே கடைச் சரக்கு.

கொல்கத்தாவில் 2024 ஆகஸ்ட் 9 அன்று பயிற்சி மருத்துவர் ஒருவர் அரசு மருத்துவமனையிலேயே வன்புணர்ந்து கொல்லப்பட்டார். மாநில அரசு இரண்டு காரியம் செய்தது. மரண தண்டனை மசோதாவை நிறைவேற்றியது. அதற்குச் சில வாரங்கள் முன்னால், இயன்றவரை பெண்களுக்கு இரவுப்பணி தவிர்க்கப்படும் என்று அறிவித்தது. பெண் மருத்துவர்களைக் கட்டுப்படுத்தாதீர்கள், பாதுகாப்புக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. மாநில அரசின் அந்த இரண்டு காரியங்களும் முரண்பட்டவை போலத் தெரியலாம். இல்லை. பெண்ணுடம்பு குடும்பத்தின், ஊரின், சாதியின் மானம் என்று எடுத்துக்கொண்டால், அதைப் பூட்டி வைப்பதும் பூட்டை உடைத்தவனைக் கொல்வதும் ஒரே தர்க்கத்தின் இரண்டு படிகள். இரண்டிலும் அவள் விருப்பம் என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

கற்பு என்பது ஒருபாலுக்கு மட்டும் போட்ட விலங்கு என்று பெரியார் எழுதிப் பல பத்தாண்டுகள் கழித்து, 2005இல், திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு நடிகை பத்திரிகையில் கருத்துச் சொன்னார். துடைப்பமும் செருப்பும் எடுத்து ஊர்வலம் போனோம். தமிழ்ப் பெண்களின் கற்புக்கு இழுக்கு என்று மாநிலம் முழுக்க இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள். அந்த நடிகை குஷ்பு மீதான வழக்குகளை 2010இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்வரை அலைய விட்டோம். எந்தப் பெண்ணையும் தொடாத அந்தப் பேச்சுக்கு எழுந்த ஆவேசத்தையும், பேருந்தில் இடிக்கிறவனைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிற நம் பொறுமையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கடுமையான சட்டம் இந்தத் தர்க்கத்தின் கையில் சிக்கினால் என்னவாகும் என்பதையும் பார்த்துவிட்டோம். டெல்லி மாவட்ட நீதிமன்றங்களில் 2013இல் முடிந்த வல்லுறவு வழக்குகளை 'தி இந்து' நாளிதழ் ஆராய்ந்தது. முழுமையாக விசாரிக்கப்பட்டவற்றில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு, ஓடிப்போன காதலர்கள் மீது பெண் வீட்டார் போட்ட வழக்குகள். இங்கே குழந்தைகளைக் காக்க வந்த போக்சோ சட்டத்தின் கதையும் பல இடங்களில் இதுவே. பதினேழு வயதுப் பெண் வேறு சாதிப் பையனோடு போனால் அப்பாவின் கையில் முதலில் ஏறுகிற ஆயுதம் அந்தச் சட்டம்தான். வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பது அதன் நோக்கமல்ல என்று 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எழுத வேண்டிவந்தது.

5. "சமூகத்தைக் குற்றம் சொன்னால் குற்றவாளி தப்பிவிடுவான்" என்கிறீர்கள். வாச்சாத்திக்குப் போய் வாருங்கள்.

எதிர்த்தரப்பின் வாதங்களிலேயே மதிக்கத் தகுந்தது இதுதான். ஆனால் குற்றவாளியை மிருகம் என்று அழைப்பதுதான் மற்றவர்களைத் தப்பவிடுகிற உத்தி. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் நுழைந்தன. 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் மிருகங்களா? மாதச் சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பொங்கலுக்கு ஊருக்குப் போன அரசு ஊழியர்கள். மலைவாழ் பெண்ணை என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை என்ற துணிவு அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அன்றைய அரசு நடந்ததையே மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் சங்கமும் விடாமல் இழுத்துப் பிடித்ததால், 2011இல் உயிரோடு இருந்த 215 பேருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய மாவட்ட உயரதிகாரிகள் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. பண்பாட்டைப் பேசியவர்கள்தான் 215 பேரையும் கூண்டில் ஏற்றினார்கள். குற்றம் சாட்டப்பட்டு உயிரோடு இருந்தவர்களில் ஒரு தனிமனிதனும் நழுவவில்லை.

இந்த 31 வருடத்தில் வாச்சாத்திக்காகக் கயிறு கேட்டு எந்தக் கூட்டம் தெருவுக்கு வந்தது? ஹைதராபாத்தில் சுடப்பட்டவர்கள் லாரித் தொழிலாளிகள். அங்கே கொல்லப்பட்ட பெண்ணைக் காணவில்லை என்று புகார் கொடுக்கப் போன குடும்பத்தை எல்லைப் பிரச்சினை சொல்லி அலைக்கழித்ததாக மூன்று போலீசார் பணியிடை நீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் அதே காவல்துறை கதாநாயகன் ஆயிற்று. அந்த மோதல் ஜோடிக்கப்பட்டது, பத்துப் போலீசாரைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும், இறந்தவர்களில் மூவர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்க்கர் ஆணையம் 2022இல் சொன்னது. பூத்தூவியவர்கள் அந்த அறிக்கையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதே 2022இல், ஆகஸ்ட் 15 அன்று, பில்கிஸ் பானு கூட்டு வல்லுறவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற 11 பேரை குஜராத் அரசு விடுவித்தது. வெளியே மாலையும் இனிப்பும் காத்திருந்தன. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. ஏழைக்குக் கயிறு, நம்மவனுக்கு மாலை. எது எவனுக்கு என்று தீர்மானிப்பது சட்டப் பிரிவா, நீங்கள் புகை என்று ஒதுக்குகிற அந்த மனப்போக்கா?

6. மெதுவான வழி எது?

டெல்லிக் குற்றம் நடந்தது 2012 டிசம்பர் 16. குற்றவாளிகள் நால்வரும் தூக்கிலிடப்பட்டது 2020 மார்ச் 20. "உடனடித் தீர்வு" ஏழு வருடத்துக்கு மேல் எடுத்தது. அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஐந்தே மாதத்தில் தீர்ப்பு வந்தது. குறைந்தது 30 ஆண்டுகள் தளர்வில்லாத ஆயுள் சிறை. பெண் அதிகாரிகள் மட்டுமே கொண்ட சிறப்புக் குழு விசாரித்த வழக்கு அது. கயிறு தேவைப்படவில்லை.

மனப்போக்கை அளந்து பார்க்கவே முடியாது என்பதும் பழைய பேச்சு. பெண் கருக்கொலைக்குப் பெயர்போன ஹரியானாவில் 'பிரேக்த்ரூ' அமைப்பு அரசுப் பள்ளிகளில் இரண்டரை வருடம் வகுப்பறை உரையாடல் நடத்தியது. 314 பள்ளிகள், சுமார் 14,000 மாணவர்கள். பாதியில் பாடம் நடந்தது, பாதியில் இல்லை. பெண்ணுக்கு எதிரான கருத்துகளில் 16 சதவீதம் மாறியது. திட்டம் முடிந்து இரண்டு வருடம் கழித்தும் அந்த மாற்றம் நின்றது. பிரமாதம் என்று குதிக்கும் எண் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். உகாண்டாவின் கம்பாலாவில் 'சாசா' என்ற திட்டம் அக்கம்பக்கத்தாரைக் கொண்டே நடத்தப்பட்டது. அது நடந்த குடியிருப்புகளில், ஒரு வருடத்தில் கணவனிடமோ துணைவனிடமோ அடிபட்ட பெண்களின் விகிதம் மற்றக் குடியிருப்புகளைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது. பாலியல் வன்முறையில் அவ்வளவு தெளிவான முடிவு வரவில்லை. ஆனால் இந்த அளவுக்காவது சான்று காட்டக்கூடிய ஒரு தூக்குமேடையைச் சொல்லுங்கள்.

7. கடைசியாக, வீட்டுக்குள் வருவோம்.

பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன திருமணமான பெண்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், அதைச் செய்தவர் இப்போதைய கணவர் என்கிறார்கள். அதே குடும்பநலக் கணக்கெடுப்புதான். மனைவியைக் கணவன் அடிப்பதற்கு ஏதாவது ஒரு காரணம் நியாயமானது என்று பெண்களில் 45 சதவீதமும் ஆண்களில் 44 சதவீதமும் சொல்வதும் அதே கணக்கெடுப்பில்தான் இருக்கிறது. இந்தப் பெண்களைப் பொறுத்தவரை இந்தியச் சட்டத்தில் வல்லுறவு என்ற குற்றமே கிடையாது. மனைவிக்கு 18 வயது ஆகிவிட்டால் கணவன் விதிவிலக்கு. நீக்குங்கள் என்று 2013இல் வர்மா குழு சொன்னது. 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதினார்கள். 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்தையே தூக்கி எறிந்துவிட்டு நியாய சன்ஹிதா வந்தபோது, அந்த விதிவிலக்கை மட்டும் பத்திரமாக 63ஆம் பிரிவுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மனைவியின் சம்மதத்தை மீறக் கணவனுக்கு உரிமை இல்லைதான். ஆனால் அதை வல்லுறவு என்று தண்டிப்பது மிகக் கடுமையானது, பொருத்தமற்றது என்றது. கடுமை போதவில்லை, போதவில்லை என்று 2013இலும் 2018இலும் 2019இலும் சட்டம் திருத்திய அரசு, கடுமை அதிகம் என்று கவலைப்பட்ட இடம் இது ஒன்றுதான். கயிறு கேட்டு வந்த கூட்டம் அன்று தெருவுக்கு வரவில்லை.